செங்கோட்டைக்கு ஓர் அளவு, ஆரியங்காவுக்கு ஓர் அளவு: கோழிக்கூடு கட்டும் முன்

கோழிக்கூடு கட்ட நினைப்பவர்கள் முதலில் கேட்பது, ஒரு கோழிக்கு எத்தனை சதுர அடி வேண்டும் என்பதைத்தான். தரையில் உமி போன்ற கூளத்தைத் தடிமனாகப் பரப்பி வளர்க்கும் ஆழ்கூள முறையில், முட்டைக்கோழிக்கு 2 முதல் 2.5 சதுர அடி என்றும், கறிக்கோழிக்கு 1 சதுர அடி என்றும் ஒரு கணக்கு பரவலாகச் சொல்லப்படுகிறது. அந்தக் கணக்கில் பிழை ஒன்றும் இல்லை. ஆயினும், பகலெல்லாம் வெளியே மேய்ந்துவிட்டு இரவுக்கு மட்டும் அடையும் நாட்டுக்கோழிக்கு அதை அப்படியே எடுத்துக்கொண்டால், ஓர் ஊரில் இடம் மிஞ்சும், இன்னோர் ஊரில் கோழி நோயில் விழும். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கணவாய்க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு கூடுகளைப் பார்த்து வருவதால் இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது.

எங்கள் வீடு செங்கோட்டைக்கும் புளியரைக்கும் நடுவில், வயலை ஒட்டி இருக்கிறது. அக்காவைக் கட்டிக்கொடுத்தது மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், ஆரியங்காவைத் தாண்டி, கழுதுருட்டிப் பக்கம். இரண்டு வீட்டிலும் ஏறக்குறைய இருபது கோழிகள். பெரும்பாலும் சிறுவிடை என்னும் சின்ன உடல் நாட்டுக்கோழி, இடையில் ஒன்றிரண்டு பெரிய உடல்கொண்ட பெருவிடைக் கலப்பு. தீனியும் ஒன்றே, வளர்ப்பவர்களும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்தான். மழைதான் வேறு. தென்மேற்குப் பருவமழையை மலை தன் மேற்குச் சரிவிலேயே இறக்கி வைத்துக்கொள்கிறது. கணவாய் வழியே எங்களுக்கு வந்து சேர்வது காற்றும் சாரலும் மட்டுமே. எங்களுக்கு உரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வருகிறது. அக்கா வீட்டுக்கோ இடவப்பாதி என்று அங்கே சொல்லும் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் நாள்கணக்கில் வெயில் தெரியாது. அது ஓய்ந்த பிறகு துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழையும் பிற்பகல் இடியோடு வந்து ஒரு சுற்று நனைத்துவிட்டுப் போகும்.

ஆகவே கூட்டின் அளவைத் தீர்மானிக்கும்போது நான் இரண்டு கணக்குகளைத் தனித்தனியாகப் போடுகிறேன். ஒன்று, கோழி இரவில் உறங்கும் இடம். மற்றொன்று, வெளியே போக முடியாத நாளில் பகல் முழுவதும் கால் கிளறி நிற்பதற்கான, கூரை போட்ட இடம். முதல் கணக்கு மலைக்கு இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுதான். இரண்டாவது கணக்கில்தான் ஊருக்கு ஊர் மலையும் மடுவுமாக வேறுபாடு வருகிறது. எங்கள் வீட்டுக் கூடு 8 அடி நீளம், 6 அடி அகலம். அதாவது 48 சதுர அடி, கோழிக்கு 2.4 சதுர அடி. அதற்கு வெளியே வேப்பமர நிழலும் ஒரு சிறிய கீற்றுப் பந்தலும் தவிர வேறு கூரை இல்லை. அது போதுமானதாகவே இருக்கிறது. அக்கா வீட்டில் உறங்கும் கூடு 8 அடிக்கு 5 அடிதான், கோழிக்கு 2 சதுர அடி. ஆனால் அதை ஒட்டி 15 அடிக்கு 12 அடியில் கூரை போட்ட முற்றம் ஒன்று இருக்கிறது. அதைச் சேர்த்தால் கோழிக்கு 11 சதுர அடி வருகிறது. பார்ப்பவர்களுக்கு இது ஆடம்பரமாகத் தோன்றலாம். அங்கே ஆனியிலும் ஆடியிலும் இரண்டு நாள் தங்கிப் பார்த்தவர்களுக்குத் தோன்றாது.

அந்த முற்றம் வருவதற்கு முன்பு, அத்தான் கடையில் வாங்கிய ஆயத்த இரும்புக் கூண்டு ஒன்றுதான் அங்கே இருந்தது. 6 அடிக்கு 3 அடி அளவுள்ள அந்தக் கூண்டில் இருபது கோழி தாராளமாக நிற்கும் என்று விற்றவர் சொல்லியிருந்தார். கோழி நிற்கத்தான் செய்தது. மாசி, பங்குனி வரை குறையொன்றும் தெரியவில்லை, ஏனென்றால் விடிந்ததும் திறந்துவிட்டால் அவை ரப்பர்த் தோட்டத்துக்குள் போய்விடும். மழை பிடித்த பிறகு கதவைத் திறந்தாலும் அவை இறங்கவில்லை. ஒன்றின் முதுகிறகை மற்றொன்று கொத்திப் பிடுங்கியது. வளர்ந்த குஞ்சுகளுக்கு ரத்தக்கழிச்சல் கண்டது. முட்டை ஓடெல்லாம் எச்சம். கூண்டின் அளவைக் குறை சொல்வதைவிட, அந்த அளவு எந்த நாளுக்கு உரியது என்று எவரும் கேட்கவில்லை என்பதே சரி. வெயில் நாளின் இரவுக்கு அது பொருந்தியது. மழை நாளின் பகலுக்குப் பொருந்தவில்லை.

ஈரம் ஏன் இடத்தைக் கேட்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாமே இதைத் தொட்டுத்தான் நிற்கிறது. ஒரு வளர்ந்த கோழி ஒரு நாளில் ஏறக்குறைய 100 கிராமுக்கு மேல் எச்சமிடுகிறது. அதில் முக்கால் பங்கு தண்ணீர். இருபது கோழி இரண்டு கிலோ எச்சமிட்டால், ஒன்றரை லிட்டர் தண்ணீரை நாள்தோறும் தரையில் ஊற்றியதாகத்தான் பொருள். இது போக, அவை விடும் மூச்சிலும் ஈரம் உண்டு. எங்கள் பக்கத்தில் ஆடிக்காற்று ஒரு நண்பகலிலேயே இந்த ஈரத்தை உலர்த்திக்கொண்டு போய்விடுகிறது. கழுதுருட்டியில் காற்றே ஈரமாக இருக்கும்போது, கூளம் தன் ஈரத்தை யாரிடம் கொடுக்கும்? அதே எச்சம் 18 சதுர அடியில் விழுவதற்கும் 180 சதுர அடியில் பரவி விழுவதற்கும் உள்ள வேறுபாடுதான், கோழி நலமாக இருப்பதற்கும் நோயில் விழுவதற்கும் உள்ள வேறுபாடு. ரத்தக்கழிச்சலை உண்டாக்கும் கிருமியின் முட்டைகள் எச்சத்தில் வெளிவந்து, ஈரமும் வெப்பமும் கிடைத்தால் ஓரிரு நாட்களிலேயே தொற்றும் நிலைக்கு முதிர்கின்றன. உலர்ந்த கூளத்தில் அவற்றுக்கு அந்த வாய்ப்பு குறைவு.

கூளத்தின் நிலையை அறிய ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துப் பார்ப்பது என் வழக்கம். கையைத் திறந்ததும் மெல்ல உதிர்ந்தால் சரியாக இருக்கிறது. உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுந்துவிட்டது. பிடிக்கவே பிடிக்காமல் தூசியாகப் பறந்தால் மிகவும் உலர்ந்துவிட்டது; அதுவும் கோழியின் மூச்சுக்கு நல்லதில்லை. அமோனியா வாடையை நின்றுகொண்டு முகர்ந்தால் தெரியாது. கோழியின் தலை இருக்கும் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து பார்க்க வேண்டும். கண் எரிந்தால், அந்தக் கூடு அந்த எண்ணிக்கையைத் தாங்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். சுண்ணாம்புத் தூளைத் தூவினால் வாடை போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். சுண்ணாம்பு ஈரத்தை இழுக்கும், ஆனால் கூளத்தின் காரத்தன்மையைக் கூட்டுவதால் அமோனியாவை முதலில் கிளப்பிவிடவே செய்யும். ஈரக் கூளத்தை வாரிவிட்டு, உலர்ந்த உமியையோ கடலைத் தோலையோ பரப்பிக் கிளறிவிடுவதே நல்லது. அக்கா வீட்டு உறங்கும் கூட்டுக்குக் கூளமே இல்லை: தரையிலிருந்து மூன்றடி உயர்த்தி, கமுகு வாரிகளை, அதாவது பாக்கு மரத்தைப் பிளந்த சட்டங்களை, விரல் இடைவெளி விட்டு அடித்திருக்கிறார்கள். எச்சம் கீழே விழுந்துவிடுகிறது, வாரி எடுத்துத் தென்னைக்குப் போட்டுவிடுகிறார்கள். மழை மிகுந்த இடத்துக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை நான் பார்க்கவில்லை.

அடுத்தது கூரையின் இறக்கம். தரையளவைக் கணக்கிடும் பலரும் இதை மறந்துவிடுவதால், கட்டிய இடத்தில் கால் பகுதி மழைக்காலத்தில் பயன்படாமல் போகிறது. காற்றோடு சேர்ந்து மழை 45 பாகையில் சாய்ந்து விழுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கச்சுவருக்கும் கூரை விளிம்புக்கும் இடையில் 4 அடி உயரத்துக்கு வலை அடித்திருந்தால், கூரையும் சுவரைத் தாண்டி 4 அடி நீண்டால்தான் சாரல் சுவரோடு நிற்கும். கூரை 2 அடி மட்டுமே நீண்டால், மழைக்கோடு வலையின் நடுவில் நுழைந்து உள்ளே நனைக்கும். ஓரத்தில் உள்ள இடமெல்லாம் கணக்கில் மட்டுமே இருக்கும். கூரையை அவ்வளவு நீட்ட முடியாதவர்கள் அடிச்சுவரை ஒன்றரை அடியிலிருந்து இரண்டரை அடிக்கு உயர்த்தி வலையின் உயரத்தைக் குறைத்துக்கொள்ளலாம், அல்லது மழை வரும் பக்கத்துக்கு மட்டும் சுருட்டி இறக்கும்படி படுதா கட்டிக்கொள்ளலாம். எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. எங்களுக்கு ஆனி, ஆடிச் சாரல் மேற்கிலிருந்தும், கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்தும் வருவதால், மேற்குச் சுவரை முழுச் சுவராகவும், வடக்குப் பக்கக் கூரையை நீளமாகவும் வைத்திருக்கிறோம். அக்கா வீட்டில் தெற்கும் மேற்கும்தான் அடி வாங்குகின்றன. மலைப் பள்ளத்தாக்கில் காற்று வீட்டுக்கு வீடு திரும்புவதால், கம்பு ஒன்றில் துணிக்கீற்றைக் கட்டி வைத்து ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டுக் கூடு கட்டுவது நல்லது. அவசரம் என்றால் பக்கத்து வீட்டுச் சுவரில் பாசி எந்தப் பக்கம் ஏறியிருக்கிறது என்று பார்த்தாலே போதும்.

நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்க வேண்டும் என்ற விதி இரு பக்கத்துக்கும் பொருந்தும். காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய சுவர்களில் விழுந்துவிடுவதால் உள்ளே சூடு ஏறுவதில்லை. எங்களுக்கு இதில் இன்னொரு ஆதாயமும் உண்டு: கணவாய்க் காற்று மேற்கிலிருந்து வருவதால், அதுவும் குறுகிய சுவரில்தான் மோதுகிறது. தென்காசி, சுரண்டை வட்டாரத்தில் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று அது. நீளச் சுவரை அதற்குக் காட்டிக் கட்டிய ஒரு கொட்டகையின் தகரம், எங்கள் தெருவின் மறுகோடியில் போய் விழுந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அம்மியே பறக்கும் காற்று என்று சொன்னவர்களுக்குத் தகரம் எம்மாத்திரம். கூரைத் தகடுகளை வெறும் ஆணியில் அடிக்காமல், கொக்கி போல்ட்டில் முடுக்கிவிடுவது இங்கே கட்டாயம்.

வெயிலைப் பற்றி ஒரு செய்தி. செங்கோட்டை நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 9 பாகை வடக்கில் இருப்பதால், சித்திரைப் பிறப்பை ஒட்டிய நாட்களில் நண்பகல் சூரியன் மிகச்சரியாக உச்சந்தலைக்கு மேல் நிற்கிறது. அந்த நேரத்தில் சுவர் எதற்கும் நிழல் இல்லை; வெப்பம் முழுவதும் கூரை வழியாகவே இறங்குகிறது. கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸை ஒட்டியது, வியர்வைச் சுரப்பியும் அதற்கு இல்லை. வாயைத் திறந்து மூச்சிரைத்து, மூச்சின் ஈரத்தை ஆவியாக்கித்தான் உடலைத் தணித்துக்கொள்கிறது. ஆகவே உலர்ந்த 38 டிகிரியைத் தாங்கும் கோழி, ஈரம் மிகுந்த 35 டிகிரியில் தவித்துவிடுகிறது. வெயில் கடுமையாக இருப்பது எங்கள் பக்கம் என்றாலும், பங்குனி, சித்திரையில் அக்கா வீட்டுக் கோழிகள் இறக்கையை அகற்றிக்கொண்டு மூச்சிரைப்பது எங்கள் வீட்டைவிடக் கூடுதல். கீற்றின்மேல் தண்ணீர் தெளித்துக் கூட்டைக் குளிர வைக்கும் உத்தி எங்களுக்குக் கைகொடுக்கிறது. அங்கே அது ஈரத்தைக் கூட்டுவதோடு சரி.

இதனால்தான் அகலம் நீளத்தோடு உயரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்கிறேன். பக்கத்தில் 6 அடி, நடுமுகட்டில் 8 அடி என்பது நான் பார்த்தவரை குறைந்தபட்சம். முகட்டின் கீழ் சூடான காற்று வெளியேற ஒரு சாண் திறப்பு வேண்டும், அதற்கும் வலை வேண்டும். ஆள் நிமிர்ந்து உள்ளே போக முடிந்தால்தான் கூடு ஒழுங்காகக் கூட்டப்படும் என்பதையும் மனித சுபாவம் அறிந்தவர்கள் மறுக்க மாட்டார்கள். கோழி அமரும் கம்புக்கும் கூரைக்கும் நடுவில் மூன்றடிக்குக் குறையாத இடைவெளி இருக்கட்டும். சிமென்ட் அட்டை பகலில் வாங்கிய சூட்டை இருட்டிய பிறகும் கொஞ்ச நேரம் இறக்கிக்கொண்டிருக்கும். மேலே கீற்று வேய்ந்தாலோ, வெள்ளையடித்தாலோ அது கணிசமாகத் தணியும். ஓடு கிடைத்தால் ஓடே மேல். அக்கா வீட்டில் இடித்த பழைய வீட்டு ஓடுகளைத்தான் போட்டிருக்கிறார்கள்.

கம்பு ஒரு கோழிக்கு 8 முதல் 10 அங்குலம் வேண்டும். இருபது கோழிக்குப் பதினேழு அடியளவு. குளிர்காலத்தில் நெருக்கியடித்து உட்காரும் அதே கோழிகள் கோடையில் ஒன்றையொன்று தொடாமல் உட்கார விரும்புவதால், நான் கோடை அளவையே எடுத்துக்கொள்வேன். உயரம் இரண்டடிக்கு மேல் வேண்டாம், பெருவிடை குதித்து இறங்கும்போது உள்ளங்கால் அடிபட்டு வீங்கிவிடும். முட்டையிட ஐந்து கோழிக்கு ஒரு பெட்டி, ஓரடிக்கு ஓரடி. அவற்றைக் கிழக்குச் சுவரோரம் வையுங்கள். மேற்குச் சுவரில் வைத்தால் மாலை வெயிலில் பெட்டி கொதித்து, அடைக்கு எடுத்து வைக்க வேண்டிய முட்டைக்குள் கரு பாதி விழித்துக் கெட்டுப்போகும்.

குளிர்நாட்டவர்கள் எழுதும் குறிப்புகளில், கூடு பெரிதாக இருந்தால் கோழிகள் தம் உடற்சூட்டால் அதைக் கதகதப்பாக்க முடியாது, ஆகவே சிறிதாகக் கட்டுங்கள் என்று இருக்கும். பனி பெய்யும் ஊருக்கு அது சரி. மார்கழியிலும் இருபது டிகிரியை ஒட்டியே இருக்கும் நமக்கு, இறகு முளைத்த கோழியின் குளிரைப் பற்றிய கவலை தேவையில்லை. குஞ்சுகள் மட்டும் விலக்கு. முதல் வாரத்தில் அவற்றுக்கு 35 டிகிரி சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். தாயோடு இருந்தால், கவிழ்த்து மூடும் பஞ்சாரக் கூடையே போதும். தாயில்லாக் குஞ்சுக்குத் தகர வளையமும், குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் கணக்கில் குண்டு பல்பும் வைத்துவிட்டு, அவை பல்புக்கடியில் குவிகின்றனவா விலகி ஓடுகின்றனவா என்று பார்த்து உயரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். சாரல் காலத்தில் எங்கள் வீட்டில் இந்த வளையத்தைச் சுற்றிச் சாக்குத் திரை கட்டாமல் முடியாது. இதற்கான இடத்தைப் பெரிய கூட்டுக்குள் ஒதுக்காமல், தனியாக 4 அடிக்கு 4 அடியில் வைத்துக்கொள்வது நல்லது.

இருபது கோழி என்று சொல்வதும் ஓர் ஏமாற்றுக் கணக்குதான். இரண்டு கோழி அடைக்கு உட்கார்ந்து எழுந்தால், மூன்று மாதத்தில் எண்ணிக்கை முப்பத்தைந்தைத் தொடும். ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் விலை ஏறும் என்று விற்காமல் வைத்திருப்பது எல்லைப்பகுதி வழக்கம் என்பதால், கூட்டில் நெருக்கம் உச்சத்துக்குப் போவது சரியாக மழை நாட்களில். இன்னொன்றும் இருக்கிறது. ஆலப்புழைப் பக்கம் 2014, 2021, 2024 ஆண்டுகளில் பறவைக்காய்ச்சல் வந்ததை அறிவோம். அப்படிப்பட்ட வாரங்களில் புளியரைச் சோதனைச்சாவடியில் கோழி வண்டிகள் திருப்பி அனுப்பப்படுகின்றன. விற்க நினைத்த கோழியும் வீட்டில் நிற்கும். அதை வெளியே விட்டுக் காட்டுப் பறவைகளோடு கலக்க விடுவதும் சரியில்லை. ஆகவே கூரை போட்ட இடத்தைச் சராசரி எண்ணிக்கைக்கு அளக்காமல், ஆண்டின் உச்ச எண்ணிக்கைக்கு அளந்துகொள்ளுங்கள்.

வலையைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை: அரை அங்குலக் கண்ணுள்ள பற்றவைத்த கம்பி வலை. மெல்லிய அறுகோண வலை கோழியைத் தடுக்கும், கீரியையும் மரநாயையும் தடுக்காது. அடியில் ஓரடி வலையை வெளிப்பக்கமாக மடக்கி மண்ணில் புதைத்துவிட்டால் நாய் தோண்டுவதும் நிற்கும். மரத்தில், கழுதுருட்டிப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் ரப்பர் பலகையை மருந்தேற்றாமல் மழையில் நிறுத்தினால் வண்டும் பூஞ்சையும் சீக்கிரமே தின்றுவிடும். கால்களுக்கு அயினியோ இரும்புக் குழாயோ போடுவது செலவானாலும் தேவலை.

கையில் பணம் குறைவாக இருக்கிறது, எதை முதலில் கட்டுவது என்று அண்மையில் புளியரையில் ஒருவர் கேட்டார். உறங்கும் கூட்டைச் சிறிதாகவும் திருத்தமாகவும் கட்டிவிட்டு, முற்றத்துக்குக் கால் மட்டும் நட்டு, முதல் ஆண்டு கீற்றும் படுதாவும் போட்டுப் பாருங்கள் என்று சொன்னேன். எந்த மூலையில் தண்ணீர் தேங்குகிறது, கோழிகள் எந்தப் பக்கம் ஒதுங்குகின்றன என்பது ஒரு மழையில் தெரிந்துவிடும். அதன் பிறகு ஓடோ அட்டையோ வாங்கலாம். அக்காவின் முற்றமும் அப்படித்தான் முதலில் 10 அடிக்கு 12 அடியாக நின்றது. தெற்கோரம் ஒவ்வொரு மழைக்கும் நனைந்ததைப் பார்த்த பிறகுதான், அத்தான் அந்தப் பக்கம் ஐந்து அடி சேர்த்துக் கூரையைத் தாழ இறக்கினார்.